அடுத்த வீட்டு விவகாரம்

எஸ்பியர், டென்மார்க்
செப்டம்பர் 8

அன்புள்ள தம்பி ஹனூசுக்கு,

அக்கா சோல்ரூன் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுகிறது. நீயும் பிர்னாவும் சுகமா? பிர்னா அனுப்பிய காய்ந்த ஆட்டிறைச்சி வந்து சேர்ந்தது. தபால்காரன் பொட்டலத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "உள்ள என்னங்க, ஏதாச்சும் செத்துக் கிடக்கா?" என்றான். "எங்க ஊரு ஆடு. சாப்பிட உனக்குக் கொடுத்து வைக்கலை, போ" என்று வாங்கிக்கொண்டேன்.

தேர்தலில் மறுபடியும் ஜெயித்துவிட்டாயாமே! டேனிஷ் நாடாளுமன்றத்தில் அரசாங்கத்துக்கு ஆள் போதவில்லை, நம் ஃபரோ தீவுகளின் இரண்டு உறுப்பினர்களும் கிரீன்லாந்தின் இரண்டு பேரும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று டெலிவிஷனில் ஒரே பேச்சு. இத்தனை வருஷமாக என்னை "ஐஸ்லாந்தா நீங்க?" என்று கேட்டவர்கள், இப்போது உன் பெயரைத் திக்காமல் சொல்கிறார்கள்.

எனக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அனெலிசே இணையத்தில் ஒரு மனு தொடங்கியிருக்கிறாள். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை அந்தக் காலத்தில் இல்லங்களில் கொண்டுபோய் வைப்பார்களே, அங்கே பிறந்து தத்துப் போன பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளை தாயைத் தேடலாம். தாய்க்குத் தேட வழியில்லை, கோப்புகளை மூடி வைத்துவிட்டார்கள். தாய் ஒரு கடிதம் கொடுத்தால் அரசு அலுவலகம் அதை ஒரே ஒரு தடவை பிள்ளையிடம் சேர்க்க வேண்டும், பதில் போடுவது பிள்ளையின் இஷ்டம். மனு கேட்பது இவ்வளவுதான். ஆறு மாதத்தில் ஐம்பதாயிரம் பேர் ஆதரித்தால் உங்கள் சபைக்கு வந்துவிடும். இதுவரை பதினோராயிரம்.

வந்தால் நீ என்ன செய்வாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மின்னஞ்சலை உன் செயலாளர் பெண் படிப்பாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உன் அக்கா,
சோல்ரூன்


கோபன்ஹேகன்
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். பிர்னா ஊரில் இருக்கிறாள், நாய்க்கும் அவளுக்கும் ஆரோக்கியத்தில் குறைவில்லை. முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல அதைத் திட்டிக்கொண்டே இருக்கிறாயா?

என் மவுசைக் கேட்காதே. நூற்று எழுபத்தொன்பது பேர் இருக்கிற சபையில் பிரதமர் நேராக என்னிடம் வந்து தோளில் கைபோட்டு, "ஹனூஸ், ஆடெல்லாம் எப்படி இருக்கு?" என்கிறார். போன தடவை அவர்களுக்குப் பெரும்பான்மை இருந்தது. அப்போது என் ஆடுகள் எல்லாம் செத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். மீன்பிடி, கடற்படை, தீவுகளைத் தொடும் விஷயம் என்றால் வாக்களிப்போம். டென்மார்க்கின் உள்விவகாரம் என்றால் வாக்கெடுப்பு மணி அடித்ததும் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவோம். அவர்கள் நம் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாதென்றால் நாமும் அடுத்த வீட்டில் நுழைக்கக் கூடாதே. நம் ஊர் குவால்பாவின் கூடத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன். அனெலிசே அம்மாளின் மனு நல்ல மனுதான். ஆனால் அது அடுத்த வீட்டு விவகாரம், அக்கா.

கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வாயேன். நாற்பத்தைந்து வருஷத்தில் இரண்டே தடவை வந்தாய், இரண்டும் சாவுக்கு.

உன் தம்பி,
ஹனூஸ்


எஸ்பியர்
அக்டோபர் 15

அன்புள்ள ஹனூசுக்கு,

நலம். உன் காபி வழக்கத்தைப் படித்தேன். காபி நன்றாக இருக்கிறதா?

நான் இப்போது செவ்வாயும் வெள்ளியும் நூலகத்தில் உட்காருகிறேன். வயசானவர்களுக்கு இணையத்தில் கையெழுத்துப் போட உதவி செய்வது என் பொறுப்பு. அரசாங்க அடையாள எண், கடவுச்சொல், போனில் வரும் இன்னொரு எண் என்று மூன்று கதவு தாண்ட வேண்டும். போன வாரம் தொப்பி வைத்த ஒரு பெரியவர் கடவுச்சொல்லை உரக்கக் கத்திச் சொன்னார். "மெதுவா சொல்லுங்க, எல்லாரும் கேக்கறாங்க" என்றேன். "கேக்கட்டுமே, என் பேங்க்ல என்ன கொட்டியா கிடக்கு?" என்றார். கையெழுத்தானதும் போகாமல் நின்றார். "என் பொண்டாட்டிக்கு அப்படி ஒரு புள்ள இருந்துச்சும்மா, எனக்கு முன்னாடி. சாகறப்பதான் சொன்னா" என்றார். நான் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய?

எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். பதினேழு வயதில் அந்த இல்லத்துக்குப் போனவள். பிறகு கல்யாணம் ஆனது, புருஷன் தங்கமானவன், பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. பஸ்ஸில் நாற்பது, நாற்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை யாராவது ஏறினால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவாள். இது அடுத்த வீட்டு விவகாரமா என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தோராயிரம் ஆகிவிட்டது.

சோல்ரூன்


குவால்பா
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடு அடிக்கும் வேலைக்கு ஊருக்கு வந்தேன். எழுபது உருப்படி. கை இன்னும் நாறுகிறது, காகிதமும் நாறினால் மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிர்னா அந்த மனுப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தொடங்கியவர்கள் ஐந்து பேரின் பெயரும் ஊரும் போட்டிருக்கிறது. அனெலிசே, இன்னும் நாலு டேனிஷ்காரிகள். "உங்கக்காதான் ராப்பகலா உழைக்கிறாங்க, அவங்க பேரக் காணோமே?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை. ஏன் உன் பெயர் இல்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹனூஸ்


கோபன்ஹேகன்
டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதிலைக் காணோம். போன் செய்தால் எடுக்கவில்லை. சுகமாக இருக்கிறாயா? நான் கேட்ட கேள்வி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, ஆனால் இருக்கிறேன் என்றாவது எழுது.

ஐம்பதாயிரம் தாண்டிவிட்டது, வாழ்த்துகள்! எதிர்க்கட்சி அதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறது. மார்ச்சில் வாக்கெடுப்பு. அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பழைய கோப்புகளைத் திறந்தால் வழக்குமேல் வழக்கு வருமாம். தீவுக்காரர்கள் எங்கள் நாலு பேரையும் உடம்பு சரியில்லாத ஒருவரையும் கழித்து எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சரிசமம், சமமாக நின்றால் தீர்மானம் தோற்றுவிடும். அதனால் இரண்டு பக்கமும் என் பின்னாலேயே சுற்றுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆளும் கட்சிக் கொறடா மெல்ஸன் என் வாக்கைக் கேட்கவில்லை. "நீ உன் வழக்கப்படி காபி குடிக்கப் போ, அது போதும்" என்கிறான். போனால் நம் தெற்குத் துறைமுகத்தில் ஒரு மீட்புக் கப்பலை நிரந்தரமாக நிறுத்துவார்களாம். பத்து வருஷமாகக் கெஞ்சிக் கேட்ட கப்பல். போன குளிர்காலத்தில் மூன்று பேரைக் கடலில் பறிகொடுத்தோம். வழக்கத்தை மீறாமலே கப்பல் கிடைக்கிறது. யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

நான் இன்னும் சொல்லவில்லை.

ஹனூஸ்


எஸ்பியர்
ஜனவரி 6

ஹனூசுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். புத்தாண்டு வாழ்த்துகள்.

கப்பலை வாங்கிக்கொள். அந்த மூன்று பேருக்கும் அம்மா உண்டு, எனக்குத் தெரியாதா?

பெயர் ஏன் இல்லை என்று கேட்டாய். இணையத்தில் போட்ட பெயர் எஸ்பியரில் மட்டும் நிற்காது. குவால்பாவில் மீன் ஆலைச் சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு போனை எடுத்துத் தட்டினால் வந்துவிடும். போதுமா? இனிமேல் இதைக் கேட்காதே.

சோல்ரூன்


கோபன்ஹேகன்
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. குளிர் கடுமை, நீ நலமாக இருக்க வேண்டும். இதை ஐந்தாவது தடவையாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. நம் தீவுகளிலிருந்து ஒரே ஒரு பெண்ணாவது அந்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால், இது டென்மார்க்கின் உள்விவகாரம் ஆகாது, நம் வீட்டு விவகாரம். அப்போது நான் என் நாற்காலியில் உட்காரலாம், பொத்தானை அமுக்கலாம், ஊர்க் கூடத்தில் நின்று காரணமும் சொல்லலாம். ஆனால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்று யாராவது சொல்ல வேண்டும். பெயரோடு சொல்ல வேண்டும். பெயரில்லாமல் சொன்னால், கப்பலைத் தொலைத்ததற்குக் கதை கட்டுகிறான் என்பார்கள்.

அதை நான் சொல்ல முடியாது. சொல்லும் உரிமை எனக்கில்லை.

பதில் எழுதாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

உன் தம்பி,
ஹனூஸ்


எஸ்பியர்
பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். பிர்னாதான் கண்டுபிடித்திருப்பாள், பெண்பிள்ளைகளுக்கு மூக்கு கூர்மை. சரி, நானே சொல்கிறேன்.

நான் டாக்டர் வீட்டுக்கு வேலைக்குப் போனேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பார்கள். டாக்டரும் இல்லை, வீடும் இல்லை. கப்பல் ஏறியபோது நாலு மாதம். பையனுடைய அப்பன் யார் என்பது இப்போது முக்கியமில்லை, அவன் கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. இல்லத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். துணி துவைத்தோம், சாயங்காலம் பாட்டுப் பாட வைத்தார்கள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி விடிகாலையில் பிறந்தான்.

பதினொரு நாள் பால் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது, பழகிவிடும் என்றார்கள். ஒரு தாதி மட்டும், "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், நீ குடு" என்பாள். இரண்டாம் நாளே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். இவனைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நான் மீன் ஆலையில் வேலை செய்து வளர்த்துக்கொள்கிறேன் என்று. பதிலுக்குத் தந்தி வந்தது. "வீட்டுக்கு வா. தனியாக." மறுநாள் கையெழுத்துப் போட்டேன். பிள்ளையைக் கொடுத்தேன், வீட்டுக்கும் போகவில்லை. இரண்டில் ஒன்றையாவது நான் மறுக்க வேண்டாமா?

அந்த வீட்டின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது, ஹனூஸ். உன் கல்யாணப் படத்தில் பின்னால் தெரிகிற மலையை விரலால் தடவிப் பார்ப்பேன். ஆனால் அவனை விட்டுவிட்டு மட்டும் வா என்று சொன்ன வாசலில், அந்த இரண்டு சாவு தவிர, காலெடுத்து வைக்க முடியவில்லை.

என் பெயரைச் சொல்லு. சோல்ரூன், குவால்பா, வயது அறுபத்திரண்டு. மீன் ஆலையில் தட்டிப் பார்க்கட்டும்.

உன் அக்கா


கோபன்ஹேகன்
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ டெலிவிஷனில் பார்த்திருப்பாய். இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன்.

மணி அடித்தது. மற்ற தீவுக்காரர்கள் மூன்று பேரும் எழுந்து போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மெல்ஸன் வாசலில் நின்று, "ஹனூஸ், காபி ஆறுது, வா" என்றான். "நீ குடி. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அதற்கு முன்பே விவாதத்தில் உன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் உடைந்தது, அதை ஒரு பத்திரிகைக்காரன் நடிப்பு என்று எழுதியிருக்கிறான். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். ஒரு வாக்கில் நிறைவேறியது.

கப்பல் வராது. மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஊர்க் கூடத்துக்குப் போனேன். கடலில் போன பையனின் அப்பா எழுந்து, "உன் அக்காவுக்கு மகன் கிடைப்பான். எனக்கு?" என்றார். அவர் உட்காரும்வரை நின்றேன். அடுத்த தேர்தலில் என்னை நிறுத்தப் போவதில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் மறுநாள் ஊரில் என் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டி ஒருத்தி வந்தாள், எழுபது வயதிருக்கும். யார் என்று எழுத மாட்டேன். "அந்த ஃபாரம் எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே இன்னும் இரண்டு பேர். நீ மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாயே.

உடனே அவனுக்கான உன் கடிதத்தை அலுவலகத்தில் கொடு.

ஹனூஸ்


எஸ்பியர்
ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் பிர்னாவும் நலமா? எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, மற்றபடி நலம்.

என் கடிதம் போய்ச் சேர்ந்தது. அவன் உயிரோடு இருக்கிறான், ஹனூஸ்! இந்த நாட்டிலேயே, ரயிலில் மூன்று மணி நேரத்தில். பெயரைச் சொல்ல அவன் இன்னும் சம்மதிக்கவில்லை. கடிதம் எழுதவும் இப்போது மனமில்லையாம். அலுவலகத்து அம்மாள்தான் போனில் சொன்னாள். நான் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று பத்து தடவை சொல்லியிருப்பேன். வைத்துவிட்டு அழுதேன்.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். "அந்த வீட்டில் அம்மாவையும் தாத்தா பாட்டியையும் தவிர என்னைப் பற்றி வேறு யாருக்காவது தெரியுமா? ஒருத்தராவது நினைத்தார்களா?" இதற்கு நான் எழுத்தில் பதில் தர வேண்டும்.

அம்மா, அப்பா இரண்டு பேரும் போய்விட்டார்கள். உனக்கு அப்போது பதின்மூன்று வயது, விவரம் தெரியாத பிள்ளை. யாருக்கும் தெரியாது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பொய் சொல்லி அவனோடு ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை. திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

உன் அக்கா,
சோல்ரூன்


குவால்பா
ஜூன் 24

அக்கா,

அந்தப் பதிலை அனுப்பாதே. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு எழுது. தபால் பிந்தினால் என்ன செய்வதென்று பிர்னாவை உனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், என்னால் பேச முடியவில்லை.

பிர்னா எதையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரியும். அப்போதே தெரியும்.

உன் கடிதத்தைப் படகிலிருந்து வாங்கி வந்தவன் நான். அம்மா சமையலறையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள், நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளைக்கு ஹனூசின் காது, வெளியே மடிந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் மாடிக்குப் போய்க் கண்ணாடியில் என் காதைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அக்கா. தொட்டிலை எங்கே போடுவார்கள் என்று கூட யோசித்தேன்.

மறுநாள் அப்பா ஒரு காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்து, தந்தி ஆபீசுக்கு ஓடச் சொன்னார். வழியில் பிரித்துப் படித்தேன். வீட்டுக்கு வா. தனியாக. மழையில் நனைந்து மை பரவிவிட்டது. தந்திக்காரரால் படிக்க முடியவில்லை. "நீயே வாயால சொல்லுடா" என்றார். "வீட்டுக்கு வா" என்று சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அவர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நீ அவனைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய். அப்பா என்னை அடித்திருப்பார், அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் அப்பாவின் கைக்குப் பயந்து அந்த இன்னொரு சொல்லையும் சொன்னேன்.

எத்தனை தடவை உன் வாசல் வரை வர நினைத்து, எஸ்பியர் ரயிலில் ஏறாமல் திரும்பியிருக்கிறேன் தெரியுமா? என்னைத் திட்டு. பேச வேண்டாம் என்றால் பேசாதே.

அவனுக்கு மட்டும் உண்மையை எழுது. ஒருத்தனுக்குத் தெரியும், ஒரு நாளும் மறக்கவில்லை என்று எழுது. அவன் என்ன செய்தான் என்பதையும் எழுது. என் பெயரைப் போடு, விலாசத்தைப் போடு. தாய்மாமன் என்று மட்டும் போடாதே. அதை அவனாகச் சொன்னால் வாங்கிக்கொள்கிறேன்.

ஹனூஸ்